கூவாத பதினோரு நாள்

தனக்கோடி கூவாமல் மீன் விற்கத் தொடங்கி அன்றைக்கு ஆறாவது நாள். சிதம்பரம் மாலைக்கட்டித் தெருவில் அவள் நுழைந்ததும் யாருக்கும் தெரியவில்லை, வெளியேறியதும் தெரியவில்லை.

கூவாத மீன்காரியை வைத்துக்கொண்டு ஒரு தெரு என்னதான் செய்யும்? தலையில் அன்னக்கூடை, அதன்மேல் ஈரச்சாக்கு. ஒவ்வொரு வீட்டு கேட்டையும் தராசுத் தட்டால் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிற்பாள். உள்ளே மிக்சி ஓடும், டி.வி. ஓடும். பிச்சை கேட்டு யாரோ வந்திருப்பதாக நினைத்து, "சில்லறை இல்லம்மா, போயிட்டு வா" என்று குரல் வரும். அதற்கும் பதில் சொல்லமாட்டாள். அடுத்த கேட்டுக்கு நகர்ந்துவிடுவாள்.

முன்னெல்லாம் அப்படியா? தெருமுனையில் நின்று, "மீனேய்ய்... சங்கரா, கெழங்கா, நெத்திலி மீனேய்ய்..." என்று ஓர் இழுப்பு இழுத்தாளென்றால் அடுத்த தெருவில் அரிசி களைகிறவள் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவாள். பூனைகள் மதில்மேல் வந்து வரிசையாக உட்காரும். அந்தக் குரல் வந்தால் மணி ஒன்பதரை என்று அர்த்தம்.

"என்னா தனக்கோடி, அஞ்சாறு நாளா வரவே இல்ல?" என்றாள் மாடி வீட்டு அம்மா, கொடியில் துணி போட வந்தவள் தற்செயலாக எட்டிப் பார்த்து.

தனக்கோடி தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"சளியா? மிளகு ரசம் வச்சிக் குடி. தெனம் வந்தியா நீ? அடப்பாவமே, நான் ஒரு வாரமா முட்டையே வாங்கிக்கிட்டு இருக்கேன்."

வெயில் ஏறி உச்சிக்கு வந்தபோது கூடையில் பாதிக்குமேல் மீன் இருந்தது. ஐஸ் கரைந்து சங்கராவின் கண் வெளுத்துவிட்டது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் உப்புப் போட்டுக் கருவாடாக்க வேண்டியதுதான். ஆறு நாளாக அதுதான் நடக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கட்டிய கயிறு முழுக்கக் கருவாடு.

அவள் தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. பயம். நெஞ்சுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிற பயம். அதைச் சொல்வதென்றால் அந்த வருஷத்து ஆவணியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இரண்டாயிரத்துப் பதினொன்று. மாலைக்கட்டித் தெருவின் கோடி வீட்டு மாடியில் தமிழினி என்று ஒரு பெண் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். விருத்தாசலம் பக்கத்துப் பெண், எம்.ஏ. படிக்கிறவள். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் அரைக்கிலோ நெத்திலி வாங்குவாள். ஆனால் அவளுக்கு மீன் ஆயத் தெரியாது. தனக்கோடிதான் மாடிப்படியின் கீழ்ப் படியில் உட்கார்ந்து தலை கிள்ளிக் குடல் எடுத்துக் கொடுப்பாள். ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது தமிழினி தன் செல்லிலிருந்து ஒரு ஒயரை அவள் காதில் செருகினாள்.

"அக்கா, இத கேளுங்க."

யாரோ ஒரு பொம்பளை பேசினாள். பண்ருட்டிப் பக்கத்துக்காரி. முந்திரிக் கொட்டை உடைக்கிறவள். கொட்டைப் பாலில் விரலெல்லாம் வெந்து கருத்துப்போன கதையைச் சொன்னாள். பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள் என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். தனக்கோடியின் கையில் நெத்திலி அப்படியே நின்றுவிட்டது.

"இது ரேடியாவா பாப்பா?"

"இல்லக்கா. பாட்காஸ்ட்டுன்னு பேரு. நாங்க நாலு பேரு சேந்து பண்றோம். ஊர் ஊராப் போயி ஜனங்க பேசறத ரெக்கார்ட் பண்ணி இன்டர்நெட்ல போடுவோம். யாரு எப்ப வேணாலும் கேட்டுக்கலாம். 'உப்புக்காத்து'ன்னு பேரு வச்சிருக்கோம்."

"இவ சினிமாக்காரி இல்லல்ல? நெசமான பொம்பளதானே?"

"நெசந்தான்."

"அப்பறம் என்னா ஆச்சி அவளுக்கு? கல்யாணம் ஆச்சா இல்லியா?"

அதற்கப்புறம் தனக்கோடிக்கு அது கள்ளு மாதிரி ஆகிவிட்டது. செவ்வாய் எப்போது வரும், வெள்ளி எப்போது வரும் என்று இருந்தாள். காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில்லில் நெல் அவிக்கிறவள் பேசினாள். வீராணத்தில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது, எந்த மதகு உடைந்து கிடக்கிறது என்று ஒருத்தன் நியூஸ் சொன்னான். குடிகாரப் புருஷனை விட்டுவிட்டுத் தையல் மெஷினோடு கிளம்பி வந்த ஒருத்தி பேசினாள். ஒவ்வொருத்திக்கும் தனக்கோடி பதில் சொல்லிக்கொண்டே மீன் ஆய்வாள். "அப்பிடிப் போடு", "அடி பாவி, அவன ஏன்டி நம்புன?" என்று அவள் ஒயரைக் காதில் வைத்துக்கொண்டு தனியாகக் கத்துவதைத் தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆவணிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. மீனைக் கழுவிக் கொடுத்துவிட்டுக் கூடையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா, நான் ஒண்ணு சொன்னா அதுல போடுவியா?"

"சொல்லுங்கக்கா."

"எம் பேரு வாணாம். ஊர் பேரும் வாணாம்."

"மாத்திடலாம். என்ன பேரு வைக்கலாம்?"

"மங்கலம்னு வையி. இத யாரு யாரு கேப்பாங்க?"

"இன்டர்நெட் இருக்கற யாரு வேணாலும். வெளிநாட்ல இருக்கறவங்கதான் ஜாஸ்தி கேக்கறாங்க. சிங்கப்பூரு, துபாயி..."

தனக்கோடிக்கு நிம்மதியாகப் போய்விட்டது. அவள் ஊர் தாண்டவங்குப்பத்தில் கம்ப்யூட்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. வெளிநாடுதானே, கேட்டுவிட்டுப் போகட்டும். இங்கேதான் அவள் ஏமாந்தாள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே இருக்கிற எந்தக் குப்பத்தை எடுத்துக்கொண்டாலும் வீட்டுக்கு ஒருத்தன் வெளிநாட்டில் போட் ஓட்டுகிறான். இது அவளுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு அவள் பேசியது பதினேழு நிமிஷம். அதில் ஒரு பகுதி இது:

"சுனாமில எம் புருஷன் போயிட்டாரு. எங்க ஊர்ல அன்னிக்கு முப்பத்தொம்பது பேரு. பொம்பளைங்கதான் ஜாஸ்தி. ஆறு மாசம் கழிச்சி ஊர்க்கூட்டம் போட்டாங்க. பொண்டாட்டி செத்தவன்லாம் சோறாக்க ஆளில்லாம கெடக்கறான், கொமரு இருக்கற வூட்ல பொண்ணு குடுங்கன்னாங்க. எம் பொண்ணுக்குப் பதினஞ்சு வயசு. பத்தாவது போயிக்கிட்டு இருக்கு. அவனுக்கு முப்பத்தஞ்சு. எங்க ஊர்க்கூட்டத்துல பொம்பளைங்க உள்ள போவக் கூடாது. கூட்டம் நடக்கற வலக்கொட்டாய்க்கு வெளிய நிக்கணும். மூணு தரம் கேப்பாங்க. மூணாந் தரமும் வாயத் தொறக்கலன்னா சம்மதம்னு எடுத்துக்குவாங்க. அதான் ஊர் வழக்கம். என்ன மூணு தரம் கேட்டாங்க. நான் தலயக் குனிஞ்சிக்கிட்டு நின்னேன். பயந்துட்டேன். ஆம்பள இல்லாத வூடு, நாளைக்கி ஏலத்துல மீனு குடுக்கமாட்டாங்களோன்னு பயந்துட்டேன். மொத நாளு ராத்திரி எம் பொண்ணு வந்து கேட்டுச்சி, 'யம்மா, பரீச்ச எழுதிட்டுப் போறேம்மா'ன்னு. அதுக்கும் நான் வாயத் தொறக்கல. அந்த வருசம் ஆறு பொண்ணு அப்பிடிக் கட்டிக் குடுத்தாங்க. எல்லாத்துக்கும் வயசு பத்தொம்பதுன்னு எழுதிக்கிட்டாங்க. எம் பொண்ணு இப்பவும் அதே ஊர்லதான் இருக்கு. ஆறு வருசமா அது முகத்த நான் நேரா பாத்ததில்ல."

பேசி முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடையைத் தூக்கினாள். அன்றைக்கு அடுத்த தெருவில் அவள் கூவிய கூவலுக்கு நாய்கள் எழுந்து நின்றன என்று சொல்வார்கள்.

ஐப்பசி பிறந்தது. வாடைக்காற்று எழும்பி, மூன்று நாளைக்கு ஒரு தரம்தான் போட் கடலுக்குப் போனது. புதுச்சத்திரத்திலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் மீன்காரிகளுக்குக் கடைசி சீட். அங்கே தனக்கோடிக்குப் பக்கத்தில் எப்போதும் சவரியம்மாள் உட்காருவாள். அடுத்த குப்பத்துக்காரி, கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரி. பத்து வருஷமாக ஒரே பஸ், ஒரே ஐஸ் பெட்டி, ஒரே வெற்றிலைப் பை. அன்றைக்கு அவள் வெற்றிலையை மடித்துக் கையிலேயே வைத்திருந்தாள், வாயில் போடவில்லை.

"தனக்கோடி, மங்கலம் யாருடி?"

தனக்கோடி ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"எந்த மங்கலம்?"

"நடிக்காத. எங்க ஊர்ப் பசங்க செல்லுல ஒரு பொம்பள பேசிக்கிட்டு இருக்கா. ஒரு செல்லுல இருந்து இன்னொரு செல்லுக்கு அனுப்பறானுங்க. அந்தக் கொரலு எனக்குத் தெரியாதா? பத்து வருசம் என் காதுக்குள்ள கூவுன கொரலு."

"யாரு குடுத்தாங்களாம்?"

"உங்க ஊரு அன்பரசு பஹ்ரைன்ல இருந்து லீவுக்கு வந்திருக்கான் இல்ல? அங்க எவனோ கேட்டுக்கிட்டு இருந்தானாம். வலக்கொட்டாயி, மூணு தரம் கேக்கறதுன்ன ஒடனே, 'டேய், இது நம்ம ஊருடா'ன்னு மெமரி கார்டுல ஏத்திக்கிட்டு வந்துட்டான்."

"கொரல வச்சி யாராச்சும் சொன்னாங்களா? நாந்தான்னு?"

"சொல்லல. உங்க ஊர்ல உன் கொரல யாரு கேட்டா? புருஷன் செத்ததுல இருந்து நீ அங்க வாயத் தொறந்தா முணுமுணுப்பு. உன் கொரலு சிதம்பரத்துக்குத்தான் தெரியும்." சவரியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "கூவாத. தாண்டவங்குப்பத்தான் கோயிலுக்கு வரான், ஆஸ்பத்திரிக்கு வரான், பஸ் ஸ்டாண்டுல நிக்கறான். எவனாச்சும் நீ கூவறதக் கேட்டா, பையில இருக்கற செல்லையும் இதையும் ஒண்ணு சேத்துருவான். மாதாவே, நீ ஏன்டி போயி இதப் பேசித் தொலச்ச?"

"மனசுல வச்சிக்கிட்டு இருக்க முடியலடி" என்றாள் தனக்கோடி.

அன்றிலிருந்துதான் கூவவில்லை.

ஊர் தள்ளி வைத்தால் என்ன நடக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கரையில் ஏலத்தில் நிற்க முடியாது. தண்ணீர்க் குழாயில் குடம் வைக்க முடியாது. யாரும் பேசமாட்டார்கள், பேசினால் அவர்களுக்கும் தண்டம். அதையெல்லாம்கூட அவள் தாங்கிவிடுவாள். மகள் எழிலரசியை நினைத்தால்தான் முடியவில்லை. எழிலரசியைக் கட்டிய சபாபதி, ஊர்த் தலைவர் ராஜாமணியின் சொந்தத் தம்பி. தன்னைப் பற்றி மாமியாரே ஊர் உலகம் கேட்கப் பேசியிருக்கிறாள் என்று தெரிந்தால் அந்தப் பெண்ணை என்ன செய்வான்? நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை வேறு இருக்கிறது.

ஏழாம் நாள் நேராகத் தமிழினியின் மாடிக்குப் போனாள். படியேறிப் போனது அதுதான் முதல் தடவை.

"பாப்பா, அத அழிச்சிடு. இப்பவே அழி. எங் கண்ணு முன்னால அழி."

விஷயத்தைக் கேட்டதும் தமிழினியின் முகம் வெளிறியது. லேப்டாப்பைத் திறந்து என்னென்னவோ தட்டினாள். "அழிச்சிட்டேன்கா. இனிமே இன்டர்நெட்ல இல்ல."

"அப்ப செல்லுல இருக்கறதும் போயிடும்ல?"

தமிழினி தலையைக் குனிந்துகொண்டாள். "அது நம்ம கைல இல்லக்கா. எறக்கி வச்சிக்கிட்டவங்ககிட்ட இருக்கும். சாரிக்கா. பேர மாத்திட்டா போதும்னு நெனச்சிட்டேன். கொரலையும் மாத்தியிருக்கணும். எனக்குப் புத்தி இல்ல."

"உன்னச் சொல்லி என்னா பண்றது? பேரு வாணாம்னு சொன்னதே நாந்தானே" என்றாள் தனக்கோடி. படியிறங்கினாள். தமிழினி பின்னாலேயே வந்து கூடையைத் தூக்கிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் என்று தண்டோரா போட்டார்கள். பேச்சு வேறு எங்கும் இல்லை. ஏலக் கரையில், டீக்கடையில், வலை பின்னுகிற இடத்தில் எல்லாம் அதுதான். ஆறு வீட்டில் யார் வீடு? ஆறு தாயில் எந்தத் தாய்? போலீஸ் வந்தால் அன்றைக்குக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த எல்லோரும் உள்ளே போக வேண்டியதுதான் என்று ஒருத்தன் சொன்னான். அப்படிச் சொன்னவன் குரலிலும் பயம் இருந்தது. பயந்த ஆம்பளைகளைப் பார்த்தால் தனக்கோடிக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போனாள். போகாமல் இருந்தால் சந்தேகப்படுவார்கள் என்று கொஞ்சம் காரப்பொடி மீனை எடுத்துக்கொண்டு போனாள். சுனாமிக் குடியிருப்பில் மூன்றாவது வரிசை. வெளியே தூறல். எழிலரசி அடுப்பில் குழம்பைக் கொதிக்கவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மருமகன் சபாபதி சுவரில் சாய்ந்து வலை ஊசியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தான். பேத்தி அவன் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போயிருந்தது.

"வாங்க அத்த."

"போட்டு போவலியா மாப்ள?"

"காத்து ஜாஸ்தி. நாளைக்கும் போவாது." ஊசியைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான், "அத்த, அந்தச் செல்லுப் பேச்சு கேட்டீங்களா?"

"எனக்கெங்க மாப்ள செல்லு?"

"நான் கேட்டேன். நாலு தரம் கேட்டேன்." நிமிர்ந்து எழிலரசியின் முதுகைப் பார்த்தான். "இவ கொரலு மாதிரியே இருக்கு."

அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்து சுர்ரென்றது. எழிலரசி திரும்பவில்லை. கரண்டியை எடுத்துக் கிண்டினாள். தாய்க்கும் மகளுக்கும் ஒரே குரல் என்பது அந்த நிமிஷம் வரை அவள் யோசித்துப் பார்க்காத விஷயம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எழிலரசி கதவுக்கு அந்தப் பக்கம் பேசினால், அப்பன் சிங்காரமே ஏமாந்துபோய் "தனக்கோடி, தண்ணி குடு" என்பான்.

"அது யாரோ வயசான பொம்பள பேசறதாச் சொன்னாங்களே மாப்ள."

"பேர மாத்தத் தெரிஞ்சவளுக்கு வயச மாத்தத் தெரியாதா?" அவன் கோபமாகச் சொல்லவில்லை. "அண்ணனும் அதான் சொல்லுது. ஊர்ல இவதான் பத்தாவது வரைக்கும் போனவ."

தனக்கோடி புறப்படும்போது எழிலரசி குடையோடு தெருமுனை வரை வந்தாள். அவள் இடுப்பில் செருகியிருந்த செல்லிலிருந்து ஒரு ஒயர் தொங்கியது. சபாபதியின் பழைய செல்.

"எழிலு, நீயும் அதக் கேட்டியா?"

"ம்."

"எல்லாத்தையும் கேட்டியா?"

எழிலரசி குடையை அம்மாவின் கையில் கொடுத்தாள். "நனையாத, போ" என்றாள். திரும்பி மழையிலேயே நடந்துவிட்டாள். மகளுக்குத் தெரியும் என்று தனக்கோடிக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் புருஷன்கிட்டே வாயைத் திறக்காமல் கரண்டியைக் கிண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன்? அதை நினைத்து நினைத்து அவளுக்கு இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பதினோராவது நாள். மதியம் மூன்று மணிக்கே வானம் கருத்துக் கிடந்தது. கரைக்கு ஏற்றிய போட்டுகள் வரிசையாக நிற்க, வலைக்கொட்டகைக்குள் ஆண்கள் உட்கார்ந்தார்கள். கொட்டகைக் காலிலிருந்து ஒரு கயிறு கட்டியிருக்கும். பெண்கள் அதற்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். அந்தக் கயிற்றைத் தாண்டிய பெண் அந்த ஊரில் கிடையாது. தனக்கோடி பின்வரிசையில், ஒரு போட்டின் நிழலை ஒட்டி நின்றாள். அதே இடம்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் நின்ற இடம்.

ராஜாமணி ஒரு சைனா செல்லைக் கையில் தூக்கிப் பிடித்தார். அது கல்யாண வீட்டு மைக் செட் மாதிரிக் கத்தக்கூடிய செல். பொத்தானை அழுத்தினார்.

"எம் பேரு மங்கலம்னு வச்சிக்கிங்க" என்றது தனக்கோடியின் குரல்.

அலைச் சத்தமும் அந்தக் குரலும் மட்டும்தான். முப்பத்தொன்பது பேர் என்று வந்தபோது கிழவர்கள் சிலர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி விசும்பினாள். பரீட்சை எழுதிவிட்டுப் போகிறேன் என்று வந்த இடத்தில் ராஜாமணி நிறுத்திவிட்டார்.

"போதும். ஊர் மானம் கப்பலேறிப் போச்சி. அன்னிக்கு ஊரு பொணக்காடாக் கெடந்திச்சி. எங்க புத்திக்கு எட்டுனதச் செஞ்சோம். தப்புன்னா வந்து மொகத்துக்கு நேரா கேட்டிருக்கணும். ஊரானுக்கு ஊதறதா? நாளைக்கிப் போலீசு வந்தா எவன் வூட்ல அடுப்பெரியும்?" அவர் கண் பெண்கள் பக்கம் தேடியது. "எழிலரசி வா முன்ன."

எழிலரசி குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தாள். கயிற்றருகே வந்து நின்றாள்.

"பாப்பா, நீ என் தம்பி பொண்டாட்டி. அதுக்காவ வுட்டுடமாட்டேன். ஊர்ல பொம்பளைங்க செல்லுக்கெல்லாம் இது உன் செல்லுல இருந்துதான் போயிருக்கு. அஞ்சு வூட்டுக்காரி சொல்லிட்டாளுங்க. கொரலும் உன் கொரலுதான்னு உன் புருஷனே சொல்றான். இதப் பேசுனது நீயா?"

கயிறு காற்றில் ஆடியது. எழிலரசி மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேசவில்லை.

"ரெண்டாந் தரம் கேக்கறேன். ஊரத் தாண்டிப் பேசுனது நீயா? இல்லன்னா இல்லன்னு சொல்லு. வேற யாருன்னா யாருன்னு சொல்லு."

சபாபதி கூட்டத்தின் நடுவில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தான். எழிலரசி ஒரு முறை மெல்லத் தலையைத் திருப்பினாள். அம்மா நிற்கும் பக்கம் அவள் பார்வை வரவில்லை. வேண்டுமென்றே வரவில்லை. கடலைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

தனக்கோடி போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உடம்பெல்லாம் ஈரச்சாக்கு சுற்றியது போலக் குளிர்ந்தது. வாயைத் திறந்தால் நாளைக்கு மீன் இல்லை, தண்ணீர் இல்லை, வீட்டு வாசலில் நின்று பேச ஆள் இல்லை. சாகும்வரை இல்லை. வாயை மூடிக்கொண்டால் இதோ இன்னும் ஒரே ஒரு தரம்தான். அப்புறம் மகள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள் என்று எழுதிவிடுவார்கள். பயந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பது எவ்வளவு நிஜம்! அவளுக்குப் பேச்சு வரவில்லை. "அண்ணே" என்று கூப்பிடப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

"மூணாந் தரம் கேக்கறேன்" என்றார் ராஜாமணி.

பேச்சு வராத தொண்டைக்குப் பழகின சத்தம் ஒன்றுதான் இருந்தது. அது வந்தது.

"மீனேய்ய்ய்... சங்கரா, கெழங்கா, நெத்திலி மீனேய்ய்ய்..."

கொட்டகைக் கூரையில் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. பதினோரு நாள் அடைத்துவைத்த குரல். ஆண்கள் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். தாண்டவங்குப்பம் அந்தக் குரலை அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டது. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் செல்லில் பேசிய குரல் எது என்று அதற்கப்புறம் யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தனக்கோடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கயிறு அவள் வயிற்றில் தட்டியது. குனிந்து அந்தப் பக்கம் போனாள்.

"எம் பேரு மங்கலம் இல்ல. தனக்கோடி. செத்துப்போன சிங்காரம் பொண்டாட்டி. பேசுனவ நான். எம் பொண்ணு இல்ல." எச்சில் விழுங்கினாள். "அண்ணே, அன்னிக்கு இதே எடத்துல என்ன மூணு தரம் கேட்டீங்க. நான் வாயத் தொறக்கல. சம்மதம்னு எடுத்துக்கிட்டீங்க. சம்மதம் இல்ல அண்ணே. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. என்ன என்னா வேணாலும் பண்ணுங்க. அந்தப் பொண்ண வுட்டுடுங்க."

"தனக்கோடி! கயித்தத் தாண்டி வந்துட்ட" என்றார் ராஜாமணி. அவர் குரல் கூட நடுங்கியது.

"தாண்டிட்டேன் அண்ணே."

சபாபதி எழுந்தான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். தனக்கோடி மகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள், அடி விழுந்தால் தன்மேல் விழட்டும் என்று. அவனோ அண்ணன் கையிலிருந்த செல்லை வாங்கி அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மாமியாரையும் பார்க்கவில்லை, பெண்டாட்டியையும் பார்க்கவில்லை. போட்டுகளுக்கு நடுவே நடந்து கடல் பக்கம் போய்விட்டான். என்ன நினைத்தான் என்று யாருக்குத் தெரியும்? ராத்திரி வீட்டுக்கு வந்து என்ன செய்வான் என்றும் யாருக்கும் தெரியாது.

தீர்ப்புச் சொல்ல வெகுநேரம் ஆகவில்லை. மறுநாளிலிருந்து தனக்கோடிக்கு ஏலக் கரை இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. பேசுகிறவர்களுக்கும் அதே கதி. கூட்டம் கலைந்தபோது பெண்கள் அவளை ஒட்டாமல் விலகி விலகிப் போனார்கள். ஒருத்தி மட்டும் போகிற போக்கில் அவள் கையைத் தொட்டுவிட்டு வேகமாக நடந்தாள். அவளும் அந்த ஆறு தாய்களில் ஒருத்திதான்.

மழை பிடித்துக்கொண்டது. தனக்கோடி மணலில் உட்கார்ந்துவிட்டாள். எழிலரசி குழந்தையை வாங்கி முந்தானைக்குள் மூடிக்கொண்டு வந்து எதிரில் நின்றாள்.

"ஏன்டி பேசாம நின்ன? எங்கம்மாதான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உன்ன வுட்டிருப்பாங்களே. அத ஊரு பூரா ஏன்டி அனுப்புன?"

"இத்தினி வருசமா நீ ஒண்ணுமே நெனைக்கலன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். என்னக் குடுத்துட்டு மறந்துட்டன்னு நெனச்சேன். அதுல நீ பேசறதக் கேட்டேன். மத்த அஞ்சு பொண்ணுங்களும் கேக்கட்டும்னு அனுப்புனேன்."

ஆறு வருஷத்தில் முதல் முறையாகத் தனக்கோடி மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள். இருபத்தோரு வயது முகம். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. மழைத்தண்ணீர் மூக்கில் வழிந்து சொட்டியது.

"இன்னிக்கு மூணாந் தரம் கேட்டப்ப, நீ அன்னிக்கு மாதிரியே நிப்பியோன்னு பயந்துட்டேன்" என்றாள் எழிலரசி. பிறகு குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"இத அன்னிக்கே கூவியிருக்கலாமேம்மா?"